கட்டை விரல் வலிக்கிறது என்று பேஸை விற்க வேண்டாம்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26. பகலில் புதுச்சேரியில் கணக்கு எழுதும் வேலை, தினமும் பைக்கில் போய் வருகிறார். நான்கு வருடமாக ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். இந்த வருடம் மாசி மகத்தில் ஆரம்பித்துச் சித்திரை வரைக்கும் வரிசையாகக் கோயில் கச்சேரி. அது முடிந்ததிலிருந்து இடது கட்டை விரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி. பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. வலது கை இரவில் மரத்துப்போகிறது. வீட்டில் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள், வலி இன்னும் கூடிவிட்டது. மாத்திரை போட்டால் அன்றைக்கு வாசிக்க முடிகிறது, மறுநாள் இரண்டு மடங்காக வலிக்கிறது. “ஷார்ட் ஸ்கேல் (நீளம் குறைந்த) பேஸ் வாங்கினால் சரியாகுமா அண்ணா, இல்லை வாசிப்பதையே விட்டுவிட வேண்டுமா? இருக்கிற பேஸை விற்றுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்” என்பது அவர் கேள்வி.

தம்பி, விட வேண்டாம். விற்கவும் வேண்டாம். புது பேஸும் இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருந்துகொண்டு 24 வருடமாகப் பேஸ் வாசிக்கிறவன். சர்ச் கொயர், கல்யாண மேடை, கோயில் கச்சேரி, ஜூன் 21 வந்தால் ஃபெத் தெ லா மியூசிக் இசைத் திருவிழா என்று எல்லா மேடையும் ஏறியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் இதே வலி எனக்கும் வந்து, எட்டு மாதம் பேஸைத் தொட முடியாமல் இருந்தேன். விவரம் தெரிந்த ஒருவர் அப்போதே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உங்களுக்கு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு வந்தபோது நானும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் மேடை ஏறினேன். அந்த மாத்திரை வலியைத்தான் மறைக்கிறது, காரணத்தை அப்படியே விட்டுவிடுகிறது. கை ‘போதும்’ என்று சொல்வது மூன்று மணி நேரத்துக்கு நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் அப்படிப் போட்டதில் வயிற்றுப் புண் வந்து சேர்ந்தது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் தொடர்ந்து எடுத்தால் வயிறு மட்டும் இல்லை, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஒரு கிளினிக்கில் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘வாசிப்பதை நிறுத்துங்கள்’ என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். கடைசியாக ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம் போனேன். அவர்தான், “அடுத்த தடவை வரும்போது கிட்டாரையும் எடுத்துக்கிட்டு வாங்க” என்றார்.

எடுத்துப் போனேன். உட்கார்ந்து, எப்போதும் வாசிக்கிற மாதிரி வாசிக்கச் சொன்னார். சுவரில் தொங்கிய தினசரி காலண்டரிலிருந்து முந்தின நாள் தாளைக் கிழித்து வந்து, என் இடது கட்டை விரலுக்கும் கிட்டார் கழுத்தின் பின்பக்கத்துக்கும் நடுவில் செருகினார். நான் வாசித்துக்கொண்டே இருக்க, தாளை மெதுவாக இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். தாள் இரண்டாகக் கிழிந்து, ஒரு பாதி அவர் கையில் போயிற்று, மறுபாதி என் விரலுக்கு அடியிலேயே நின்றது. “இவ்வளவு பிடி பாட்டுக்கு வேணுமா சார்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு கட்டை விரலைக் கழுத்திலிருந்து முழுசாக எடுத்துவிட்டு அதே நோட்டுகளை வாசிக்கச் சொன்னார். முடியாது என்று நினைத்தேன். வலது முன்கையால் பேஸின் உடலை லேசாக வயிற்றோடு அணைத்துக்கொண்டு, இடது கையின் எடையை மட்டும் ஸ்ட்ரிங் மேல் தொங்கவிட்டேன். நோட்டு சுத்தமாக வந்தது. கட்டை விரல் காற்றில் இருந்தது.

இந்த இரண்டையும் இன்றைக்கே செய்து பாருங்கள். வலி அதிகமாக இருந்தால் அரை நிமிஷம் போதும், தாள் கிழிகிறதா என்று தெரிந்தால் சரி. நான் இத்தனை வருடத்தில் பார்த்த பேஸ் கை வலிகளில் பெரும்பாலானவை இங்கேதான் வந்து நிற்கின்றன: பாட்டுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு அழுத்துகிறோம், அதுவும் தெரியாமலே. அழுத்தத்துக்குக் காரணம் கையில் மட்டும் இருக்காது. ஸ்ட்ரிங் உயரத்தில் இருக்கும், ஸ்ட்ராப்பில் இருக்கும், மேடை ஸ்பீக்கரில் இருக்கும், பைக் கிளட்ச்சில்கூட இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

முதலில் அந்த மூட்டைப் பற்றி. கட்டை விரல் நுனியையும் சுட்டு விரல் நுனியையும் சேர்த்து 1 கிலோ அளவுக்கு அழுத்தினால், கட்டை விரலின் அடியில் மணிக்கட்டோடு சேரும் மூட்டில் ஏறக்குறைய 12 கிலோ சுமை விழுகிறது. கூனி, சாவோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977-ல் கணக்கிட்ட விஷயம் இது. நுனியில் நீங்கள் கால் கிலோ குறைத்தால் அடி மூட்டில் 3 கிலோ குறைகிறது என்று இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். நான்கு மணி நேரக் கச்சேரியில் எத்தனை ஆயிரம் நோட்டு வாசிக்கிறோம்!

நம் பக்கத்தில் கையில் எது வலித்தாலும் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்போம், இல்லாவிட்டால் சுளுக்கு என்போம். உங்கள் இரண்டு கையிலும் இருப்பது இரண்டு வேறு பிரச்சினை மாதிரி எனக்குத் தெரிகிறது. இடது கையில் தசைநாண், வலது கையில் நரம்பு. தசையை எலும்போடு கட்டும் கயிறுதான் தசைநாண். உணர்ச்சியைக் கொண்டுபோகும் கம்பிதான் நரம்பு. வைத்தியமும் வேறு வேறு.

இடது பக்கம் நீங்கள் சொல்வது டி குவெர்வெயின் என்று டாக்டர்கள் சொல்லும் தொந்தரவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஃபிரிட்ஸ் டி குவெர்வெயின் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895-ல் விவரித்ததால் அந்தப் பெயர். கட்டை விரலை விரிக்கவும் தூக்கவும் உதவும் இரண்டு தசைநாண்கள், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால், கயிறு உள்ளே ஓடும்போதெல்லாம் உரசும். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சும் அம்மாக்களுக்கும் இது நிறைய வரும், உங்கள் வீட்டிலேயே யாருக்காவது வந்திருக்கலாம். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டு விரல் பக்கம் சாயுங்கள். நல்ல கையிலும் கொஞ்சம் இழுக்கும், அதனால் இரண்டு கையிலும் செய்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இடது பக்கம் மட்டும் சுரீர் என்றால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. ஒரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்து பார்க்காதீர்கள்.

எண்ணெய் போட்டு நீவியதில் ஏன் கூடியது என்பதும் இதிலேயே இருக்கிறது. ஏற்கெனவே உரசிப் புண்பட்ட உறையை மேலிருந்து இன்னொரு கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தால் என்ன ஆகும்? வீட்டில் அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் இனி அந்த இடத்தில் நீவலும் வேண்டாம், சொடக்கு எடுப்பதும் வேண்டாம். முன்கையின் சதைப்பகுதியில், முழங்கைக்குக் கீழே, இதமாகப் பிடித்துவிடச் சொல்லுங்கள். அது சுகமாகவும் இருக்கும், கெடுதலும் இல்லை.

வலது கைக்கு வருவோம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகத்தான் போகின்றன. மணிக்கட்டை நீண்ட நேரம் மடக்கியே வைத்திருந்தால் அந்த நரம்பு நசுங்குகிறது. கட்டை விரல், சுட்டு விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி, இவைதான் மரத்துப்போகும். இரவில் எழுந்து கையை உதறினால் தேவலையாக இருக்கும். உங்களுக்கு மரத்துப்போவது இந்த விரல்களா, அல்லது சுண்டு விரல் பக்கமா என்று இன்றிரவு கவனியுங்கள். சுண்டு விரல் பக்கம் என்றால் சிக்கல் முழங்கையில் இருக்கலாம்.

இது ஏன் பேஸ்காரர்களின் வலது கையில் வருகிறது? கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, கட்டை விரலை ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஒலியை வாங்கும் பிக்கப் மேல் ஊன்றி வாசிப்பதைப் பக்கவாட்டில் கண்ணாடியில் பாருங்கள். மணிக்கட்டு கிட்டத்தட்டச் செங்குத்தாக மடங்கி நிற்கும். போதாததற்கு முன்கை பேஸின் விளிம்பில் அழுந்திக்கொண்டிருக்கும். பகலெல்லாம் மவுஸும் நம்பர் பேடும், ராத்திரி இது, அப்புறம் கையை மடக்கித் தலைக்கு வைத்துத் தூக்கம். நரம்புக்கு ஓய்வே இல்லை. தூங்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். இரவில் அதைப் போட்டுக்கொண்டு சில வாரம் படுத்தாலே பலருக்கு நல்ல மாற்றம் தெரிகிறது.

டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்றால், பார்க்கத்தான் வேண்டும். நான் எழுதுவது ஊகம், அவர் கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வார். உங்கள் ஊரிலேயே அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது, இங்கே வந்தால் ஜிப்மர் இருக்கிறது. எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டுங்கள். ‘கை வலி’ என்று மட்டும் சொல்லாமல், எத்தனை மணி நேரம் வாசிக்கிறீர்கள், எந்த அசைவில் வலிக்கிறது, இரவில் எந்த விரல் மரத்துப்போகிறது என்று தாளில் எழுதி எடுத்துப் போங்கள். வாசிப்பதை ஒரு நிமிஷ வீடியோவாக எடுத்துப் போனால் இன்னும் நல்லது. சர்க்கரை, தைராய்டு இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவை இருந்தால் இந்த வகைத் தொந்தரவு வர வாய்ப்பு அதிகம். 26 வயதிலும் தெரியாமல் இருக்கக்கூடும்.

சில விஷயங்களுக்குக் காத்திருக்கவே கூடாது. பைக்கிலிருந்து கையை ஊன்றி விழுந்த பிறகு கட்டை விரல் அடிக்குழியில் வலி என்றால், உள்ளே சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். மரத்துப்போனது பகலிலும் போகவே இல்லை, கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, கட்டை விரலடி மேட்டுச் சதை வற்றுகிறது என்றாலும் உடனே போக வேண்டும். மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலும் அப்படித்தான். காலையில் பல மூட்டுகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறுகியே இருந்தால் அது வாத நோய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாக மடங்கிக்கொள்கிறது என்றால் அது முற்றிலும் வேறு விஷயம். பியானோ கலைஞர் லியோன் ஃபிளைஷருக்கு 1960-களில் வலது கையில் வந்தது அதுதான். அதற்கு நரம்பியல் டாக்டரைப் பார்க்க வேண்டும். பயிற்சியைக் கூட்டினால் சரியாகும் என்று நினைத்து முட்டக் கூடாது.

டி குவெர்வெயின் என்று உறுதியானால், கட்டை விரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் சில வாரம் போடச் சொல்வார்கள். அதைப் போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள், விரல் ஸ்ப்ளின்ட்டோடு மல்லுக்கட்டும். குறையாவிட்டால் அந்த உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு, பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். சிலருக்கு ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுத்துப்போகும், கொஞ்சம் குழி விழும். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும். பயப்பட வேண்டியதில்லை, தெரிந்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். அறுவை சிகிச்சை கடைசியில்தான்.

இப்போது ஓய்வு. முழுசாக முதல் இரண்டு வாரம் பேஸை வைத்துவிடுங்கள். பயமாக இருக்கும், கை மறந்துவிடும் என்று தோன்றும். மறக்காது. அந்த இரண்டு வாரமும் பாட்டைக் கேளுங்கள், பேஸ் வரிசையை வாயால் பாடுங்கள். நான் எட்டு மாதமும் வாயால் பாடியே இருபது முப்பது பாட்டு கற்றுக்கொண்டேன். ஆனால் பேஸை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அப்படியே செய்தால் ஓய்வாகாது. இங்கேதான் உங்கள் பைக் வருகிறது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் காலையில் வரும்போது அரியாங்குப்பம் பாலத்திலிருந்து முருங்கப்பாக்கம் வரை எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறீர்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அத்தனையும் அதே இடது கை. நான்கு விரல் லீவரை இழுக்க, கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றி நெரிக்கிறது. கேபிள் இறுகிப் போயிருந்தால் இன்னும் மோசம். மெக்கானிக்கிடம் கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விட்டு, லீவரின் ஃப்ரீ ப்ளேயை (தளர்வை) சரிசெய்யச் சொல்லுங்கள், செலவு பெரிதாக இருக்காது. முடிந்தால் இரண்டு வாரம் பஸ்ஸில் வாருங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து இடது கையால் போனைப் பிடித்து அதே கட்டை விரலால் தள்ளிக்கொண்டே வராதீர்கள், அது பேஸைவிட மோசம். தண்ணீர்க் குடத்தை விளிம்பில் பிடித்துத் தூக்குவது, துணி முறுக்கிப் பிழிவது, இதையும் கொஞ்ச நாள் வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள். கையைப் பலப்படுத்துகிறேன் என்று ஸ்பாஞ்சு பந்தை அமுக்காதீர்கள். ஏற்கெனவே நெரித்ததால் வந்த வலிக்கு இன்னும் நெரிப்பது மருந்தாகாது.

கை ஓய்வில் இருக்கும்போது வாத்தியத்தைச் சரிசெய்துவிடலாம். சாதாரண பேஸின் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 34 அங்குலம். 1951-ல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸிலிருந்து அதுதான் வழக்கம். அதில் 45-லிருந்து 105 வரை தடிமன் உள்ள (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) சாதாரண ஸ்ட்ரிங் செட் போட்டால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் சுமார் 18 முதல் 23 கிலோ இழுவையில் நிற்கும். அப்படிப்பட்ட ஸ்ட்ரிங், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியான ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் உங்கள் விரலின் கூலியை முடிவுசெய்கிறது. அளக்கக் கருவி வேண்டாம். ஏடிஎம் கார்டு ஒன்றின் தடிமன் 0.76 மில்லிமீட்டர். மூன்று கார்டை அடுக்கினால் கிட்டத்தட்ட 2.3. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் இருப்பதிலேயே தடித்த E ஸ்ட்ரிங்குக்கும் நடுவில் அந்த மூன்று கார்டு லேசாகத் தொட்டுக்கொண்டு போனால் சரி. நாலு கார்டும் தாராளமாகப் போனால் உயரம் அதிகம். அதே மாதிரி மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள், ஸ்ட்ரிங்குக்கு அடியில் தாள் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். நட், அதாவது தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் சின்னப் பட்டை, உயரமாக இருக்கிற பேஸில் முதல் மூன்று ஃப்ரெட்டும் உயிரை வாங்கும், நிறைய மலிவு பேஸ்களில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நம் கடற்கரைக் காற்றுக்கு மரம் சும்மா இருக்காது. ஈரத்தைக் குடித்து மழைக்காலத்தில் கழுத்து முன்னோக்கி லேசாக வளையும், ஸ்ட்ரிங் தானாக உயரும். என் பேஸை வருடத்துக்கு இரண்டு முறை, ஐப்பசியிலும் பங்குனியிலும் பார்த்துச் சரிசெய்கிறேன். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராடு என்ற கம்பியை நீங்களாகத் திருக வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள், அவரும் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகக் கூடாது. உப்புக் காற்றில் ஸ்ட்ரிங் சீக்கிரம் துருப்பிடித்துச் சொரசொரப்பாகிவிடும், சொரசொரப்பான ஸ்ட்ரிங்கில் விரல் நகர மறுக்கும், நகர மறுத்தால் நெரிப்போம். ஒவ்வொரு முறை வாசித்த பிறகும் காய்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். ஸ்ட்ரிங் மாற்றும்போது 40-ல் தொடங்கும் மெல்லிய செட் போட்டுப் பாருங்கள். தட்டையான கம்பி சுற்றிய ஃபிளாட்வூண்ட் ஸ்ட்ரிங் மென்மையாக இருக்கும் என்று சொல்வார்கள், தடவ மென்மைதான், ஆனால் சில பிராண்டில் இழுவை அதிகம். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு நின்று இரண்டு கையையும் எடுங்கள். பேஸின் தலை தரையை நோக்கிச் சரிகிறதா? அப்படியென்றால் இதுவரை உங்கள் இடது கை வாசித்ததோடு சேர்த்துக் கழுத்தையும் தூக்கிப் பிடித்திருக்கிறது. மூன்று நான்கு அங்குல அகலத்தில், உள்பக்கம் சொரசொரப்பான தோல் வைத்த ஸ்ட்ராப் வாங்குங்கள். வழுக்கும் நைலான் பட்டையைத் தூக்கிப் போடுங்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எங்கே இருக்கிறதோ, நிற்கும்போதும் அங்கேயே இருக்கும்படி நீளத்தைக் குறையுங்கள், தலைப்பக்கம் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். மேடையில் தொங்கவிட்டால்தான் அழகு என்று பசங்க சொல்வார்கள். அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், உங்கள் இரண்டு மணிக்கட்டும் நேராக இருப்பது முக்கியம்.

அடுத்தது யாரும் சொல்லாத காரணம். எனக்கு நோய் முற்றியது ஒரு தேவனாம்பட்டினம் மேடையில். மாசி மகம், கடற்கரையில் கூட்டம், கடல் சத்தம், பக்கத்தில் இரண்டு ஹாரன் ஸ்பீக்கர். மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கரைப் பாடகர்களுக்கு மட்டும்தான் வைத்திருந்தார்கள், என் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எனக்குப் பின்னால் முட்டி உயரத்தில் இருந்தது. நான் என்ன வாசிக்கிறேன் என்று எனக்கே கேட்கவில்லை. கேட்காதபோது கை என்ன செய்யும்? இன்னும் பலமாக அடிக்கும், இன்னும் பலமாக அழுத்தும். மூன்றரை மணி நேரம் அப்படி வாசித்து, மறுநாள் காலையில் பல் துலக்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ஆம்பை நாற்காலி மேலோ பெட்டி மேலோ தூக்கி வைத்துக் காதை நோக்கிச் சாய்க்கிறேன். சவுண்டு செட்காரரிடம் மிக்ஸரிலிருந்து ஒரு ஒயர் வாங்கி ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொள்கிறேன். வால்யூமை ஆம்பில் ஏற்றிவிட்டு விரலில் இறக்குங்கள். விரலின் வேலையை ஆம்ப் செய்யும்.

அப்புறம் இடது கை. 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காவது வரை சுமார் 13 சென்டிமீட்டர். ஐந்திலிருந்து எட்டு வரை 10 சென்டிமீட்டர்தான். ‘ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட்’ என்று எல்லா இடத்திலும் பிடிவாதமாக விரிப்பதால்தான் பலருக்குக் கட்டை விரல் நெரிகிறது. நின்று வாசிக்கும் பெரிய டபுள் பேஸுக்கு ஃபிரான்ஸ் சிமாண்டல் என்ற ஆசிரியர் வகுத்த முறையை இங்கே பயன்படுத்தினால், கீழ் ஃப்ரெட்டுகளில் மூன்று ஃப்ரெட்டுக்குத்தான் கை விரியும்: சுட்டு விரல், நடு விரல், பிறகு மோதிர விரலும் சுண்டு விரலும் சேர்ந்து ஒன்றாக. நான்காவது ஃப்ரெட் வேண்டுமென்றால் விரலை விரிக்காமல் கையையே நகர்த்த வேண்டும். கட்டை விரலும் கூடவே நகர வேண்டும், ஓரிடத்தில் ஆணியடித்த மாதிரி நிற்கக் கூடாது. அது நடு விரலுக்கு நேர் பின்னால், நுனியால் குத்தாமல் சதையால் தொட்டுக்கொண்டு இருக்கட்டும், பின்பக்கமாக வளைய வேண்டாம். ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும், இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் அதிகம் வேண்டும்.

எந்த அழுத்தம் போதும் என்பதை இப்படிக் கண்டுபிடியுங்கள். ஸ்ட்ரிங்கைச் சும்மா தொட்டுக்கொண்டு வலது கையால் மீட்டிக்கொண்டே இருங்கள், மொத்தென்று கேட்கும். இம்மி இம்மியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். முதலில் ‘ஸ்ர்ர்’ என்று அதிரும், பிறகு சட்டென்று சுத்தமாகும். அங்கேயே நில்லுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் அழுத்தம் ஒலியில் சேராது, சுருதிதான் ஏறும். ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிஷம் இதை மட்டும் செய்தால், ஒரு மாதத்தில் கை அந்த அளவைக் கற்றுக்கொள்கிறது. வியர்வைக்கும் வழி பாருங்கள். சித்திரை வெயிலில் கை வழுக்கினால் தானாகவே பிடி இறுகும், ஆம்ப் மேல் ஒரு துண்டு இருக்கட்டும்.

பாட்டு வரிசையும் உங்கள் கையில் இருக்கிறது. இளையராஜா பாட்டில் பேஸ் ரூட் நோட்டில் (கார்டின் ஆதார சுரத்தில்) சும்மா நிற்பதில்லை, பாடகருக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டாகவே ஓடும். அதற்காகத்தானே பேஸைக் கையில் எடுத்தோம். ஆனால் அப்படி ஐந்து பாட்டை அடுத்தடுத்து வைத்தால் எந்தக் கையும் தாங்காது. நடுவில் பேஸ் குறைவாக உள்ள பக்திப் பாட்டு, நாட்டுப்புறப் பாட்டு இரண்டு போடச் சொல்லி ஆர்கெஸ்ட்ரா தலைவரிடம் பேசுங்கள். காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். மேடைக்குப் போகும் முன் வெந்நீரில் கையை ஐந்து நிமிஷம் நனைத்து, மெதுவான பாட்டில் ஆரம்பித்தால் இன்னும் நல்லது. வாசித்த பிறகு உறுத்தினால் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிஷம்.

திரும்பி வருவது அவசரப்படாமல் நடக்க வேண்டும். பாட்டில் மூடி வலிக்காமல் திறக்கிற அன்றைக்கு ஆரம்பியுங்கள், டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும். முதல் மூன்று நாள் காலையில் ஐந்து நிமிஷம், மாலையில் ஐந்து நிமிஷம், அவ்வளவே. மூன்று நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். வாசிக்கும்போது லேசாகத் தெரிந்தால் பரவாயில்லை, ஆனால் மறுநாள் காலையில் முந்தின நாளைவிடக் கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்கி அங்கேயே மூன்று நாள் இருங்கள். நான் இரண்டு முறை இறங்கினேன். அரை மணி நேரம் எட்டியதும் நடுவில் ஐந்து நிமிஷம் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். முதல் மேடையை முழுக் கச்சேரியாக ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் வாசிக்கத் தெரிந்தவராக இருந்தால் பாதிப் பாட்டை அவர் பார்த்துக்கொள்ளட்டும், மீதியை நீங்கள் வாசியுங்கள்.

ஷார்ட் ஸ்கேல் பேஸ் 30 அங்குலம். அதில் அந்த 13 சென்டிமீட்டர் 11.4 ஆகிறது, இழுவையும் குறைகிறது. கை சின்னதாக இருந்தால் உண்மையிலேயே நிம்மதி கொடுக்கும், அதில் தவறே இல்லை. ஆனால் காலண்டர் தாள் கிழிகிற பிடியோடு அதை எடுத்தால் அதிலும் இதே வலி வரும், பணம்தான் போகும். மூன்று மாதம் மேலே சொன்னதைச் செய்துவிட்டு, நண்பர் யாரிடமாவது ஒரு ஷார்ட் ஸ்கேலை வாங்கி ஒரு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போதைக்கு இரண்டு விஷயம் மட்டும் எனக்கு எழுதுங்கள் தம்பி: தாள் வந்ததா கிழிந்ததா, இரவில் மரத்துப்போவது எந்த விரல்கள். அதைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.